மாக்பெத்தை வழிமறித்த சொல்



இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'வியர்ட்' என்பது அந்தச் சொல். நம் கல்லூரிப் பிள்ளைகளின் வாயில் நாள் முழுக்கப் புழங்குவதுதான். ஒருவன் உடை விசித்திரமாக இருந்தால் வியர்ட், ஒரு படத்தின் முடிவு புரியாவிட்டால் வியர்ட். ஆனால் பழைய ஸ்காட்ஸ் மொழியில் அது விசித்திரத்தைக் குறிக்கவில்லை. அங்கே அது பெயர்ச்சொல். ஊழ் என்று நாம் சொல்வதற்கு மிக நெருங்கிய பொருள் உடையது. ஒருவனுக்கென்று விதிக்கப்பட்டு, அவனே சுமந்து கழிக்க வேண்டியது எதுவோ அதுவே அவனுடைய வியர்ட்.

இங்கிலாந்து இந்தச் சொல்லைக் கைவிட்டது, ஸ்காட்லாந்து காப்பாற்றியது. ஸ்காட்லாந்திலிருந்து அது ஷேக்ஸ்பியரிடம் போயிற்று. அவருடைய நாடகத்தின் வழியாக உலகெங்கும் பரவியது, பரவிய வழியிலேயே பொருளை இழந்தது. இழந்த அந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு 'மாக்பெத்' நாடகத்தைப் படித்தால் நமக்குப் பாடம் சொல்லப்பட்ட நாடகத்தைவிட ஆழமான ஒன்று கிடைக்கிறது. இதுதான் என் கட்சி.

முதலில் மொழியைப் பற்றிச் சிறிது. ஸ்காட்ஸ் என்பது ஸ்காட்லாந்து மலைப்பகுதிகளின் கேலிக் மொழி அல்ல. அது வேறு குடும்பம். ஸ்காட்ஸ் ஆங்கிலத்தின் உடன்பிறப்பு. பழைய ஆங்கிலத்தின் வடக்கு வழக்கிலிருந்து கிளைத்து, எடின்பரோ அரசவையிலும் நீதிமன்றத்திலும் கவிதையிலும் தனி மொழியாக வளர்ந்தது. 1603-இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணையும் ஏறி லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த மொழி தன் அரசவையை இழந்தது. மக்கள் வாயில் மட்டும் அழியவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதினைந்து லட்சம் பேருக்கு மேல் தாங்கள் ஸ்காட்ஸ் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கொச்சை ஆங்கிலம் என்று ஒதுக்குகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கருத்து தவறு என்பதற்கு இந்த ஒரு சொல்லின் வரலாறே போதும்.

வேரைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'விர்ட்'. 'ஆகுதல், நிகழ்தல்' என்ற பொருளுள்ள ஒரு வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. ஜெர்மன் மொழியில் 'ஆகுதல்' என்பதற்கு இன்றும் வழங்கும் 'வேர்டன்' அதே வினைதான். இன்னும் பின்னே போனால் 'திரும்புதல், சுழலுதல்' என்ற இந்தோ-ஐரோப்பிய வேர் கிடைக்கிறது. வடமொழியில் 'விருத்தம்' அந்த வேரிலிருந்து வந்தது. நம் யாப்பில் விருத்தப்பா என்கிறோமே, அந்தப் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். ஆக, விர்ட் என்றால் திரும்பி வந்து சேர்ந்தது, ஆகி முடிந்தது. மேலே எங்கோ ஒருவர் உட்கார்ந்து எழுதிய தீர்ப்பு என்ற எண்ணம் அதன் வேரில் இல்லை. நடந்தவை கூடிக் கூடி, இனி நடப்பதை நெருக்கித் தள்ளுகின்றன என்ற எண்ணமே இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

பழைய ஆங்கிலக் காவியமான 'பேவுல்ஃப்'பில் இந்தச் சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. போர்க்களத்தில் யார் பிழைப்பார், யார் விழுவார் என்பதை அது முடிவு செய்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் மன்னர் பெயரால் வழங்கும், போயீத்தியஸ் நூலின் மொழிபெயர்ப்பு கிறிஸ்தவ நோக்கில் இதைச் சீர்செய்யப் பார்க்கிறது. கடவுளின் திட்டம் முதலில், அது நாள்தோறும் நிறைவேறுவதே விர்ட் என்கிறது. ஆயினும் அதற்கும் முந்திய லத்தீன்-ஆங்கிலச் சொற்பட்டியல்கள் ஒரு பழைய நினைவைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றன. ரோமானியர்களின் பார்க்கே என்ற மூன்று தெய்வப் பெண்களுக்கு, அதாவது மனித ஆயுளின் நூலை நூற்று, அளந்து, அறுப்பவர்களுக்கு, அந்தப் பட்டியல்கள் நேராக இந்தச் சொல்லின் பன்மையைத்தான் ஈடாகத் தருகின்றன. ஊழ் பெண்ணுருவில் வருவாள், மூவராக வருவாள் என்ற எண்ணத்துக்கு அந்தச் சொல்லில் எப்போதோ இடம் கிடைத்துவிட்டது.

வடக்கே நார்ஸ் மக்களிடம் இன்னும் தெளிவாக இருக்கிறது. அவர்களுடைய உலக மரத்தின் அடியில் ஒரு கிணறு. அதன் அருகில் மூன்று நார்ன்கள், விதிப் பெண்கள். மூத்தவள் பெயர் ஊர்த். அது நம் விர்ட்டேதான், ஒலி மட்டும் வேறு. அடுத்தவள் வெர்தந்தி, 'ஆகிக்கொண்டிருப்பவள்'. அவள் பெயரும் அதே வினையிலிருந்து. மூன்றாமவள் ஸ்குல்ட், 'ஆகவேண்டியவள்'. ஆனது, ஆகிக்கொண்டிருப்பது, ஆகவேண்டியது. மூன்று காலத்துக்கும் மூன்று பெண்கள்.

இங்கிலாந்தில் கவிஞர் சாசர் காலம்வரை, அதாவது பதினான்காம் நூற்றாண்டின் கடைசிவரை, சொல் உயிரோடு இருந்தது. அவரே இரண்டு கதைக் கவிதைகளில் எடுத்தாண்டிருக்கிறார். பிறகு லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த சொற்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தெற்கே அது மெல்ல மறைந்தது. வடக்கே மறையவில்லை.

இப்போது கதையின் சுவையான பகுதிக்கு வருகிறேன். மாக்பெத் உண்மையில் வாழ்ந்த மன்னர். 1040-இல் மன்னர் டங்கனைக் கொன்று அரசேறி, 1057 வரை பதினேழு ஆண்டுகள் ஆண்டார். 1050-இல் ரோமுக்குப் புனிதப் பயணம் போய் ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தார் என்று அக்காலக் குறிப்பு சொல்கிறது. அரியணை நடுங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் நாட்டை விட்டு அத்தனை தூரம் போவாரா, நீங்களே எண்ணிப் பாருங்கள். மூன்று பெண்களோ ஆரூடமோ அந்தக் காலப் பதிவு எதிலும் கிடையாது.

அவர்கள் வருவது ஏறக்குறைய 1420-இல். லீவன் ஏரியின் தீவில் ஒரு சிறு மடத்துக்குத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ விண்டன், ஸ்காட்லாந்தின் வரலாற்றை ஸ்காட்ஸ் மொழியில் செய்யுளாக எழுதினார். அதில் மாக்பெத் ஒரு கனவு காண்கிறார். கனவில் மூன்று பெண்கள் எதிரே வருகிறார்கள். ஒருத்தி அவரைக் குரோமார்ட்டியின் தலைவன் என்கிறாள், ஒருத்தி மோரேயின் தலைவன் என்கிறாள், மூன்றாமவள் அரசன் என்கிறாள். அவர்களைப் பார்த்ததும் 'இவர்கள் வியர்ட் சகோதரிகள்' என்று மாக்பெத்துக்குத் தோன்றுகிறது. விண்டன் அதற்கு விளக்கம் எதுவும் எழுதவில்லை. கேட்பவர்களுக்கு அது தெரிந்த பெயர், ஆகவே விளக்கம் தேவைப்படவில்லை. பாட்டி கதைகளில் வருகிற பெயர் அது. 1549-இல் வெளிவந்த 'ஸ்காட்லாந்தின் முறையீடு' என்ற நூலில், ஆடு மேய்ப்பவர்கள் கூடிச் சொல்லும் கதைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. மூன்று வியர்ட் சகோதரிகளின் கதையும் அதில் உண்டு. அந்தக் கதை நமக்குக் கிடைக்கவில்லை, பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாட்டார் இலக்கியத்தை யாரும் எழுதி வைக்காமல் போவதன் இழப்பு என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பட்டியலைத்தான் காட்டுவேன்.

அரசவைக் கவிஞர்களும் இதைக் கையாண்டார்கள். கேவின் டக்ளஸ் 1513-இல் வெர்ஜிலின் 'ஈனிட்' காவியம் முழுவதையும் ஸ்காட்ஸ் மொழியில் பெயர்த்து முடித்தார். ஆங்கிலத்தில்கூட அதுவரை யாரும் அதை முழுமையாகச் செய்திருக்கவில்லை. வெர்ஜிலில் பார்க்கே வரும் இடத்தில் டக்ளஸ் போட்ட சொல் வியர்ட் சகோதரிகள். மேய்ப்பவர்களின் கதைக்கும் ரோமானியப் பெருங்காவியத்துக்கும் ஒரே சொல் பொருந்தியிருக்கிறது. அவருக்கு அதில் தயக்கமே இல்லை.

1527-இல் அபர்டீன் கல்லூரித் தலைவர் ஹெக்டர் போய்ஸ் லத்தீனில் ஒரு வரலாறு வெளியிட்டார். அவர் இரண்டு காரியம் செய்தார். கனவை விழிப்பாக்கி, பெண்களை நேரில் வழிமறிக்க வைத்தார். பாங்கோ என்ற துணைவரைப் படைத்து, ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்கு அவரை மூதாதை ஆக்கினார். ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர் கேட்டுக்கொண்டபடி ஜான் பெல்லண்டன் அதை ஸ்காட்ஸில் பெயர்த்தார். லத்தீன் உடுத்தியிருந்த பெண்கள் மறுபடி தாய்மொழிப் பெயர் பெற்றார்கள். அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் லண்டனில் ஹாலின்ஷெட்டின் பெரிய வரலாற்றுத் தொகுப்பின் ஸ்காட்லாந்துப் பகுதி 1577-இல் உருவாயிற்று. இங்கிலாந்து வாசகனுக்கு இந்தச் சொல் அப்போது புரியாது. ஆகவே ஹாலின்ஷெட் அதை வைத்துவிட்டு, பக்கத்திலேயே விதியின் தேவதைகள் என்று பொருளும் சொல்கிறார். அல்லது வனதேவதைகளாக இருக்கலாம் என்கிறார். அந்த முதல் பதிப்பில் ஒரு மரச்செதுக்குப் படம் இருக்கிறது. குதிரைமேல் மாக்பெத்தும் பாங்கோவும். எதிரே நல்ல உடை உடுத்திய மூன்று சீமாட்டிகள். துடைப்பம் இல்லை, கொப்பரை இல்லை, தாடி இல்லை.

ஷேக்ஸ்பியர் பயன்படுத்தியது 1587-இல் வந்த இரண்டாம் பதிப்பு. நாடகம் 1606 வாக்கில் எழுதப்பட்டது. அரியணையில் இருந்தவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ். சூனியக்காரிகளைப் பற்றி 1597-இல் தன் பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டவர். 1590-இல் தொடங்கிய நார்த் பெரிக் வழக்குகளில் பெண்களைத் தாமே முன்னின்று விசாரித்தவர். அந்த வழக்குகளில் சித்திரவதையால் வாக்குமூலம் வாங்கப்பட்டவர்களின் துயரத்தை நினைக்காமல் இந்த நாடகத்தின் கொப்பரைக் காட்சியை என்னால் படிக்க முடிவதில்லை. ஷேக்ஸ்பியர் இரண்டு உலகங்களை ஒன்றாக்கினார். பெயர் ஹாலின்ஷெட் கொடுத்த விதிச் சகோதரிகள். உடலும் குரலும் அந்தக் காலத்து வழக்குகளில் விவரிக்கப்பட்ட கிழவிகள்.

நாடகத்தில் இந்தச் சொல் ஆறு இடங்களில் வருகிறது. மாக்பெத் தன் மனைவிக்கு எழுதும் கடிதத்தில் இந்தப் பெயரையே எழுதுகிறார். பாங்கோ கனவில் கண்டதாகச் சொல்லும்போதும் இதுதான். அந்தப் பெண்கள் தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்வதும் இப்படித்தான். சூனியக்காரி என்ற சொல் மேடைக் குறிப்புகளிலும் பேசுவோர் பெயர்களிலும் நிறைய உண்டு. ஆனால் வசனத்தில் அவர்களில் ஒருத்தியை அப்படி அழைப்பது ஒரு மாலுமியின் மனைவி மட்டும். அதுவும் மேடைக்கு வெளியே, ஒருத்தி சொல்லும் கதைக்குள். கிழவிகள் என்று திட்டுகிற மாக்பெத் ஓரிடத்திலும் அவர்களைச் சூனியக்காரி என்று அழைக்கவில்லை. 1611-இல் குளோப் அரங்கில் நாடகத்தைப் பார்த்து நாட்குறிப்பு எழுதிய சைமன் ஃபோர்மனும் அவர்களைத் தேவதைப் பெண்கள் என்றுதான் குறிக்கிறார். அவர் ஹாலின்ஷெட்டைப் படித்துவிட்டு எழுதியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் வாதம், நியாயமான வாதம். ஆனாலும் மேடையில் கண்டது அந்தப் பெயருக்கு முற்றிலும் முரணாக இருந்திருந்தால் அவர் கை அப்படி எழுதியிராது என்று நான் நினைக்கிறேன்.

1623-இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பு அச்சானபோது சிக்கல் வந்தது. அச்சுக்கோத்தவர்கள் இந்தச் சொல்லை அறியாதவர்கள். மூன்று இடங்களில் 'வேவர்ட்' என்றும், மூன்று இடங்களில் 'வேயர்ட்' என்றும் கோத்துவிட்டார்கள். முதல் வடிவம் ஆங்கிலத்தில் அடங்காப்பிடாரி, மனம்போன போக்கில் போகிறவள் என்று பொருள்படும். நூறு ஆண்டுகளுக்கு மேல் வாசகர்கள் அந்த மூவரையும் அடங்காப் பெண்களாகவே படித்தார்கள். மேடையில் நிலைமை இன்னும் மோசம். 1660-களில் நாடகாசிரியர் டேவனன்ட் நாடகத்தைத் திருத்தி, அந்த மூவரையும் ஆடவும் பாடவும் பறக்கவும் வைத்தார். லண்டன்வாசி சாமுவேல் பீப்ஸ் அந்த ஆட்டபாட்டத்தைத் தன் நாட்குறிப்பில் மெச்சிக்கொள்கிறார். ஊழ் கேளிக்கை ஆகிவிட்டது.

அதை மீட்டவர் லூயிஸ் தியோபால்ட். கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் ஷேக்ஸ்பியர் பதிப்பில் உள்ள பிழைகளை எடுத்துக் காட்டியதற்காக, போப் தன் 'டன்சியட்' கவிதையில் முட்டாள்களின் அரசனாக ஆக்கி ஊர் சிரிக்க வைத்தாரே, அந்த மனிதர்தான். 1733-இல் வந்த தன் பதிப்பில் அவர் ஹாலின்ஷெட்டைத் திறந்து பார்த்து, இது அடங்காமையைக் குறிக்கும் சொல் அல்ல, விதியைக் குறிக்கும் பழைய சொல் என்று கண்டு, ஆறு இடங்களையும் திருத்தினார். இன்று உலகில் அச்சாகும் மாக்பெத் பிரதிகளில் பெரும்பாலானவற்றில் நாம் படிப்பது அவர் திருத்தம். சீர் கணக்கு அச்சுப்பிழையிலும் ஓர் உண்மை ஒளிந்திருப்பதைக் காட்டுகிறது. மூவரும் கைகோத்து ஆடும் வரியில் இந்தச் சொல்லை இரண்டு அசையாக நீட்டிச் சொன்னால்தான் ஓசை நிரம்பும். நடிகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, பெயரை மீட்டாயிற்று. அதனால் நாடகத்தில் என்ன மாறுகிறது? மூன்று வாழ்த்துகளைக் கவனியுங்கள். முதலாமவள் கிளாமிஸின் தலைவன் என்கிறாள். அது அவர் ஏற்கெனவே பெற்ற பட்டம், தந்தையின் இறப்பால் வந்தது. இரண்டாமவள் காடரின் தலைவன் என்கிறாள். முந்தின காட்சியிலேயே மன்னர் டங்கன் அதை அவருக்கு வழங்கிவிட்டதை நாம் பார்த்திருக்கிறோம். செய்தி வந்துகொண்டிருக்கிறது, அவருக்குத்தான் தெரியாது. மூன்றாமவள், இனி அரசனாகப் போகிறவன் என்கிறாள். ஆனது, ஆகிக்கொண்டிருப்பது, ஆகவேண்டியது. ஊர்த், வெர்தந்தி, ஸ்குல்ட். ஷேக்ஸ்பியருக்கு நார்ஸ் புராணம் தெரியும் என்று நான் வாதிடவில்லை. இந்த வரிசை ஹாலின்ஷெட்டிலும் போய்ஸிலுமே இருக்கிறது. விண்டனின் கனவில் இல்லை. ஆனால் முந்தின காட்சியில் டங்கனின் வாயால் அறிவிக்க வைத்து, இரண்டாவது வாழ்த்தை நம் கண்முன் நிகழ்காலம் ஆக்கியது ஷேக்ஸ்பியரின் அமைப்பு. சொல்லின் வேரில் இருந்த கருத்து அங்கே காட்சியாக எழுந்து நிற்கிறது.

இதன் விளைவு பெரியது. மூன்றில் இரண்டு ஆரூடமே அல்ல. அவை செய்திகள். இரண்டு செய்தி மெய்யானதால் மூன்றாவதும் மெய்யாகத்தான் வேண்டும் என்று மாக்பெத் எண்ணுகிறார். அந்த எண்ணத்திலிருந்து கத்தி வருகிறது. அவர்களைச் சூனியக்காரிகள் என்று கொண்டால் நாடகம் எளிதாகிவிடும்: கெட்ட சக்தி ஒரு நல்ல வீரனைக் கெடுத்தது, முடிந்தது கதை. விதியே உருவெடுத்தவர்கள் என்று கொண்டாலும் எளிதுதான்: அவன் என்ன செய்வான், எழுதியபடி நடந்தது. வியர்ட் என்ற சொல்லின் பழைய பொருள் இரண்டுக்கும் இடம் தராது. ஆனது ஆகவேண்டியதை நெருக்குகிறது; நெருக்கும் இடத்தில் நிற்பது மனிதன். அரசுரிமை அவருக்கு விதித்திருக்கலாம். தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த கிழவரை உறக்கத்தில் கொல்ல வேண்டும் என்று அந்த மூவரில் எவளும் சொல்லவில்லை.

பாங்கோவின் மக்கள் அரசாள்வார்கள் என்றும் அவர்கள்தான் சொன்னார்கள். தனக்கு இனித்த பாதியை ஏற்ற மாக்பெத், கசந்த பாதியோடு போருக்குப் புறப்படுகிறார். விதியே களத்துக்கு வா என்று அறைகூவுகிறார். பாங்கோவைக் கொல்ல ஆள் ஏவுகிறார். மகன் ஃபிளீன்ஸ் தப்பிவிடுகிறான்.

ஸ்காட்ஸ் மொழியில் இதற்கு ஒரு வழக்கு உண்டு: தன் வியர்டை 'ட்ரீ' செய்தல். ட்ரீ என்றால் பொறுத்தல், இறுதிவரை தாங்குதல். அதுவும் பழைய ஆங்கிலத்தில் இருந்து தெற்கே தேய்ந்து போன வினைதான். வேறொரு பழமொழியும் உண்டு. வாயிலிருந்து சொல் வந்தால் பின்னாலேயே வியர்ட் வரும் என்பது அதன் கருத்து. நாட்டுப் பாடல்களில் இது வினைச்சொல்லாகவும் வருகிறது. 'கெம்பியன்' பாடலில் மாற்றாந்தாய் ஒரு பெண்ணைக் கொடிய விலங்காக ஆகும்படி 'வியர்ட் செய்கிறாள்', அதாவது ஊழை அவள்மேல் சாத்துகிறாள். தாமஸ் என்னும் கவிஞன் தேவதை அரசியின் முன் நின்று, எந்த வியர்டும் தன்னை அச்சுறுத்தாது என்று சொல்லும் பாடலும் இருக்கிறது. இரண்டையும் வால்டர் ஸ்காட் 1802-இல் வெளியிடத் தொடங்கிய எல்லைநாட்டுப் பாடல் தொகுப்பில் பார்க்கலாம். ஊழை எதிர்த்து ஓடாமல், அதற்குக் குனிந்தும் போகாமல், நிமிர்ந்து நின்று தாங்குகிற அந்தப் பண்பு மாக்பெத்திடம் இல்லை. பாங்கோவிடம் சிறிது இருக்கிறது. கேட்டார், யோசித்தார், காத்திருந்தார்.

ஸ்காட்லாந்துக்கு வெளியே இந்தச் சொல்லைப் படித்தவர்கள் எல்லாரும் நாடகத்தின் வழியாகப் படித்தவர்கள். அவர்களுக்கு அது ஒரு பெயரடை. அச்சம் தரும், அமானுடமான என்று பொருள் கொண்டார்கள். 1816-இல் ஷெல்லி 'அலாஸ்டர்' கவிதையில் இரவின் ஒலிக்கு அடைமொழியாக்கினார். 1820-இல் கீட்ஸ் 'லேமியா'வில் மந்திரத் தைலங்களுக்குச் சூட்டினார். அழகான பயன்பாடுகள்தான், குறை சொல்ல மாட்டேன். பிறகு எட்கர் ஆலன் போ, பிறகு 1923-இல் தொடங்கிய 'வியர்ட் டேல்ஸ்' என்ற அமெரிக்கத் திகில் இதழ். அதன்பின் தெருப்பேச்சு.

சொல் தேய்ந்துபோன இடத்தில் கருத்து வேறு வழியாகத் திரும்பி வந்ததையும் சொல்ல வேண்டும். 1957-இல் அகிரா குரோசாவா மாக்பெத்தைச் சப்பானியப் போர்வீரர் காலத்துக்கு மாற்றி 'ரத்த சிம்மாசனம்' எடுத்தார். மூன்று பெண்களுக்குப் பதில் காட்டுக்குள் ஒரு குடிலில் ஒற்றை உருவம், வெண்மையாக, ராட்டையில் நூல் நூற்றபடி. கொப்பரையைத் தூக்கி எறிந்துவிட்டு ராட்டையை வைத்தாரே, அதில் அந்தப் பழைய சொற்பட்டியல்களின் நூற்கும் பெண்கள் மீண்டுவிட்டார்கள்.

நம் நாட்டில் விஷால் பரத்வாஜ் 2003-இல் 'மக்பூல்' எடுத்தபோது இன்னும் துணிந்தார். மும்பை நிழலுலகக் கதை. மூன்று சகோதரிகளின் இடத்தில் இரண்டு காவல்துறை அதிகாரிகள். ஓம் பூரியும் நசீருத்தீன் ஷாவும் நடித்திருக்கிறார்கள். ஒருவர் ஜாதகக் கட்டம் போட்டுப் பலன் சொல்கிறார். இருவரும் சட்டத்தின் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கோஷ்டியும் மிஞ்சிவிடாதபடி சமநிலை பார்க்கிறார்கள். பலனைச் சொல்கிறவர்களே பலன் நடக்கும்படி காரியமும் பார்க்கிறார்கள். அவர்கள் முன்கூட்டி அறிந்தவர்களா, நடத்தி வைக்கிறவர்களா என்று படம் முழுக்க நம்மால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. மக்பூலாலும் முடிவதில்லை. ஆனால் தன்னை மகனைப்போல் வளர்த்த அப்பாஜியைச் சுடத் துப்பாக்கியை எடுக்கும்போது அறையில் அந்த இரண்டு அதிகாரிகளும் இல்லை. துப்பாக்கி மக்பூலின் கையில்தான் இருக்கிறது.